கதம்பையிலும் குலைத்தண்டிலும் நார் எடுக்கையில் நேரும் குறைகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேங்காயும் ஏத்தன் (நேந்திரன்) வாழையும் உணவுத் தொழிலுக்குள் நுழையும் இடத்திலேயே நார் வெளியே எறியப்பட்டுவிடுகிறது. எண்ணெய் ஆலைகளுக்கும் கொப்பரைக் களங்களுக்கும் தேங்காய் அனுப்பும் இடங்களில், பாரையில் குத்தி உரித்த கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, குவிந்து கிடக்கிறது. சிப்ஸ் போடும் கூடங்களின் பின்புறம் காய் கழித்த குலைத்தண்டும் தொலியும் சேர்கின்றன. குலை வெட்டிய தோட்டங்களிலிருந்து வாழைத்தடையையும், அதாவது மட்டைகள் சுற்றிய வாழையின் அடிமரத்தையும், சிலர் வாங்கிக்கொள்கிறார்கள். இவற்றிலிருந்து தும்பும் (தேங்காய் நாரும்) வாழைநாரும் எடுத்து விற்கும் சிறிய கூடங்களில் அடிக்கடி எழும் குறைகளையும், ஒவ்வொன்றின் காரணத்தையும் வெளியே தெரியும் அடையாளத்தைக் கொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

நாரில் குறை தெரிந்ததும் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது இயந்திரத்தில்தான்: கத்தியைத் தீட்டுகிறார்கள், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிறார்கள், பெல்ட்டை மாற்றுகிறார்கள். ஆனால் இந்தத் தொழிலின் மூலப்பொருள் இன்னொருவருடைய கழிவு. அது எத்தனை நாள் கிடந்தது, எந்தத் தண்ணீர் பட்டது, எதனோடு கலந்தது என்பதைப் பற்றி அதை வெளியே தள்ளுகிறவர் கவலைப்பட வேண்டிய தேவை இல்லை. ஆகவே நாரில் தெரியும் குறைகளில் பெரும்பகுதி இயந்திரத்துக்கு வருமுன்பே குவியலில் உண்டாகிவிட்டவை. கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் குவியலை விசாரித்த பிறகே இயந்திரத்தை விசாரிக்கும் வரிசையைப் பின்பற்றியிருக்கிறேன். கத்தியிலேயே காரணம் இருக்கும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டிய கைச்சோதனை

குறை கண்ட சரக்கிலிருந்து ஒரு கைப்பிடி நாரையும், அது எந்தக் குவியலிலிருந்து வந்ததோ அதில் மேலிருந்து ஒரு கதம்பையையும் அடியிலிருந்து ஒரு கதம்பையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாரை ஒரு வெள்ளைத் துணியின் மேல் உதறினால் விழுவது தூளா, மணலா, அறுந்த துண்டா என்பது தெரியும். அதே நாரைச் சுத்தமான தண்ணீரில் அலசிப் பிழிந்தால், பிழிந்த நீரின் நிறமும் வழவழப்பும் கழுவல் போதுமா என்பதைச் சொல்லும். பிறகு ஓர் இழையை இரு கைகளாலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல தும்பு சற்று நீண்டு கொடுத்த பிறகே அறும். வாழைநார் நீளாது, ஆனால் அறுவதற்கு முன் கையில் நல்ல பிடிமானத்தைக் காட்டும். இழுத்த மாத்திரத்தில் பொடிந்து போகிற இழை எந்த இயந்திரத்திலும் திருந்தப் போவதில்லை.

குவியலின் மேலும் அடியும் ஒன்றுபோல இல்லாவிட்டால், அதாவது மேலே உலர்ந்தும் அடியில் ஊறியும் கிடந்தால், மற்ற எல்லாச் சோதனைகளையும் நிறுத்திவிட்டு அந்தச் சரக்கை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள். குறை ஒரு பங்கில் மட்டும் வந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

தும்பில் தூள் ஒட்டிக்கொண்டே வருகிறது

இதுவே அதிகமாகக் கேட்கப்படும் குறை. ஆகையால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

கதம்பையில் இழைகளையும் அவற்றுக்கு இடையிலுள்ள, பின்னர் தூளாக உதிரும் பஞ்சு போன்ற சதையையும் ஒட்டவைத்திருப்பது பெக்டின் முதலான பசைப்பொருள்கள். கதம்பையைத் தண்ணீரில் அழுகப் போடும்போது, காற்றில்லாத நிலையில் வளரும் பாக்டீரியாக்கள் இந்தப் பசையைக் கரைக்கின்றன. இழையிலோ எளிதில் அழுகாத லிக்னின் என்ற மரப்பொருள் மிகுதி. எடையில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல் அதுவே என்பதால், சதை கரைந்தாலும் இழை நிற்கிறது. உப்புநீர்க் காயல்களில் பச்சைக் கதம்பையை முழுதாக அழுகப் போடும் பழைய முறைக்கு 6 முதல் 10 மாதம் தேவைப்படும். மணக்குடிக் காயலை ஒட்டியும் தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கக் கரைகளிலும் வேலை செய்தவர்கள் ஓட்டமுள்ள நீரையே விரும்பியதற்குத் தெளிவான காரணம் உண்டு. கதம்பையிலிருந்து ஊறி வரும் பீனால் வகைப் பொருள்கள் பாக்டீரியாக்களின் வேலையைத் தடுக்கின்றன. ஏற்றமும் இறக்கமும் உள்ள நீர் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. வீட்டுப் பின்புறத்தில் வெட்டிய குழியில் அந்த ஓட்டம் கிடையாது. அதனால்தான் குழியில் அதே காலம் கிடந்த கதம்பை பாதி வேக்காட்டில் நிற்பதுபோல் வெளிவருகிறது.

இதைச் சோதிக்க ஒரு கதம்பையை எடுத்து மேல்தோலைப் பெருவிரலால் நெருடுங்கள். அழுகல் முற்றியிருந்தால் தோல் தனியே உரிந்து வரும், குழியில் குமிழி எழுவதும் நின்றிருக்கும். தோல் உரியாமல் இழையையும் சேர்த்து இழுத்தால் அழுகல் முடியவில்லை என்று கொள்ளலாம். குழியின் தண்ணீரை ஒரு பகுதி இறைத்துவிட்டுப் புதுநீர் விடுவது, கதம்பையை உருளைகளுக்கு இடையில் நசுக்கிய பிறகு ஊறப்போடுவது ஆகிய இரண்டும் காலத்தைக் கணிசமாகக் குறைக்கும். கயிறு வாரியத்தின் ஆலப்புழை களவூர் ஆராய்ச்சி நிலையம் அழுகலை விரைவாக்கும் பாக்டீரியா வளர்ப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நசுக்கிய பச்சைக் கதம்பைக்கே அது நன்றாகப் பயன்படும். காய்ந்த கதம்பையின் மேல் அதை ஊற்றிவிட்டுப் பலனில்லை என்று சொல்வதில் பொருள் இல்லை.

அழுகல் முறையைக் கையாளாமல், காய்ந்த கதம்பையை நனைத்து நேராக இயந்திரத்தில் அடிப்பவர்களுக்குக் காரணம் வேறு. கொப்பரைக் களத்தில் வெயிலில் கிடந்த கதம்பை வெளியே நனைந்ததுபோலத் தோன்றினாலும் நடுவில் தண்ணீர் இறங்கியிருக்காது. ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுச்சதை வெளிறி உலர்ந்திருந்தால் இன்னும் ஊற வேண்டும். மேலே தெளிப்பதால் இது நடக்காது. கதம்பை மிதந்துவிடாதபடி பாரம் ஏற்றி மூழ்கடிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் கலப்பு. கன்னியாகுமரியின் சுற்றுலா வீதிகளிலிருந்தும் நெடுஞ்சாலையோரக் கடைகளிலிருந்தும் வரும் கருக்குக் கதம்பை, அதாவது இளநீர்க் காயின் மட்டை, இழை முற்றாதது, தண்ணீர் மிகுந்தது. அதை முற்றிய கதம்பையோடு சேர்த்து ஓட்டினால் அதன் சதை குழம்பாகி நல்ல தும்பின் மேல் பூசிக்கொள்ளும். சுமார் 11 மாதம் முற்றிய காயின் பச்சைக் கதம்பையே வெண்தும்புக்கு ஏற்றது. ஈத்தாமொழி நெட்டையைப் போன்ற, புவிசார் குறியீடு பெற்ற பெருங்காய் ரகத்தின் கதம்பையும் குட்டை ரகத்தின் கதம்பையும் ஒரே வண்டியில் வந்தால், அவற்றையும் பிரித்து ஊறவைப்பது நல்லது. பருமன் வேறுபட்டால் ஊறும் காலமும் வேறுபடும்.

இவை மூன்றும் இல்லை என்று உறுதியான பிறகே இயந்திரத்தின் இடைவெளியைப் பாருங்கள். கத்திக்கும் தாங்குதட்டுக்கும் இடையில் தேய்மானத்தால் இடைவெளி கூடியிருந்தால் தூள் ஒரு பக்க இழைகளில் மட்டும், ஒரே மாதிரியாக, ஒட்டியிருக்கும். எல்லா இழைகளிலும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால் அது கத்தியின் குறை அன்று.

நார் கறுக்கிறது, அல்லது நிறம் மாறுகிறது

கறுப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் குறைந்தது நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நீலம் கலந்த கறுப்பாக, மை சிந்தியதுபோல் இருந்தால் இரும்பைச் சந்தேகியுங்கள். கதம்பையிலும் வாழையிலும் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் இந்த நிறமே வரும். செம்மண் பகுதிகளின் சில ஆழ்துளைக் கிணறுகளில் இரும்பு அதிகம். இறைத்த தண்ணீர் தெளிவாக இருந்து, பாத்திரத்தில் நின்றபின் செம்படிவு விட்டால் அது அடையாளம். சந்தேகம் இருந்தால் கட்டன் சாயாவை ஒரு கண்ணாடி டம்ளரில் ஆறவைத்து, அந்தத் தண்ணீரைச் சரிபாதி கலந்து பாருங்கள். இரும்பு நிறைய இருந்தால் சாயாவின் செம்மை மறைந்து கருமை ஏறும். குடிநீரைக் கலந்த இன்னொரு டம்ளரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஐயம் இராது. துருப்பிடித்த பேரல், காய வைக்கும் இரும்புக் கம்பி, கட்டுக்கம்பி ஆகியவையும் இதே கறையைத் தரும். கம்பிக் கறை கோடுகோடாக விழும் என்பதால் எளிதில் அடையாளம் காணலாம். ஏற்கெனவே விழுந்த கறையை ஆக்சாலிக் அமிலத்தின் மிக இலேசான கரைசல் நீக்கும். அது நச்சு; கையுறையின்றித் தொடக்கூடாது, நாரை அதன்பின் பலமுறை அலச வேண்டும், சமையலுக்குப் புழங்கும் பாத்திரத்தை அருகிலும் கொண்டு வரக்கூடாது. கயிற்றுக்குப் போகிற தும்புக்கு இந்தச் சிரமமே தேவையில்லை என்பது என் கருத்து. துணிக்கும் கைவினைக்கும் போகிற வாழைநாருக்கு மட்டும் செய்து பார்க்கலாம்.

கறுப்பு இல்லாமல் சீரான பழுப்பாக இருந்தால் தாமதமே காரணம். வெட்டுப்பட்ட வாழைத்திசுவில் உள்ள நொதி, பீனால் பொருள்களைக் காற்றின் உதவியால் பழுப்பாக்குகிறது. குலைத்தண்டையும் வாழைத்தடையையும் வெட்டிய மறுநாளைக்குள் ஓட்டிவிடுவதே இதற்குச் சரியான வழி. முடியாதபோது நிழலில், வெட்டுவாய் மூடிய நிலையில் வையுங்கள். நார் எடுத்த உடனே கழுவாமல் குவித்து வைத்தாலும் சாறு உலர்ந்து அதே பழுப்பு ஏறும். அப்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைப்பாகவும் நிற்கும். விறைப்பும் பழுப்பும் சேர்ந்து வந்தால் குறை கழுவலில். விறைப்பில்லாத பழுப்பென்றால் குறை சேமிப்பில். வாழைத்தடையில் வெளிமட்டைகளின் நார் இயல்பாகவே முரட்டு நிறமும் உள்மட்டைகளின் நார் வெளிறியும் இருக்கும். இவற்றைக் கலந்துவிட்டு நிறம் ஒவ்வவில்லை என்று வருந்துவோரும் உண்டு.

புள்ளிபுள்ளியான கறுப்பு பூஞ்சை. அதைப் பின்னால் தனியே பார்க்கலாம்.

நான்காவது, சோடாவில் வேகவைத்ததும் நார் செந்நிறமாகிவிடுவது. இது சிப்ஸ் கூடத்துக் கழிவுக்கே உரியது, முதல்முறை காண்பவரைத் திகைக்க வைப்பது. ஏத்தங்காயைத் தொலி சீவி மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் போடுவது வழக்கம். அந்த நீரை வடிகாலில் விடும்போது பக்கத்தில் குவிந்த குலைத்தண்டுகள் அதைக் குடித்துவிடுகின்றன. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மஞ்சள் படிந்த தண்டின் மேல் ஒரு துளி விட்டுப் பாருங்கள், சிவந்தால் ஐயமில்லை. அப்படிப்பட்ட சரக்கைச் சோடாவில் இடுவதற்கு முன் பலமுறை வெறுந்தண்ணீரில் அலசி, நாரானபின் வெயிலில் ஒருநாள் போடலாம், ஏனெனில் குர்குமின் வெளிச்சத்தில் வெளுத்துப் போகும். எல்லாவற்றிலும் எளிது, கூடத்துக்காரரிடம் சொல்லித் தண்டை வடிகாலின் மேட்டுப்புறத்தில் குவிக்கச் செய்வதே.

இழை அறுந்து துண்டுதுண்டாக வருகிறது

அறுந்த இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். முனை வெட்டியதுபோல நேராக இருந்தால் இயந்திரமே குற்றவாளி: கத்தியின் விளிம்பு கூர்மையாகிவிட்டது, அல்லது இடைவெளி மிகக் குறைந்துவிட்டது. நார் உரிக்கும் உருளையின் கத்தி மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். அது சுரண்டுவதற்கு, வெட்டுவதற்கு அன்று. புதுக் கத்தி போட்ட மறுநாள் இந்தக் குறை வந்தால் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடலாம். வாழைத்தடையை ஓட்டும்போது பாதி நீளத்துக்கு உள்ளே விட்டு இழுத்து, பிறகு மறுமுனையைத் திருப்பி விடுவதே முறை. அவசரத்தில் முழு மட்டையையும் கையிலிருந்து விட்டுவிட்டால் உருளை அதைச் சுற்றி அறுத்துவிடும், கைக்கும் ஆபத்து.

முனை பிசிர்பிசிராக, துடைப்பம்போல விரிந்திருந்தால் குவியலைப் பாருங்கள். வாழையைப் பொறுத்தவரை இது அழுகல் மிஞ்சியதன் அடையாளம். தும்பில் லிக்னின் மிகுதியாக இருப்பதுபோல வாழைநாரில் இல்லை; அதில் செல்லுலோசும் அரைச்செல்லுலோசுமே பெரும்பகுதி. அதனால் மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்தாலும் தாங்கும் தும்பின் கணக்கை வாழைக்குப் போடக்கூடாது. வாழையின் ஊறல் நாள்கணக்கிலானது. நாள்தோறும் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்துப் பார்த்து, சதை வழுக்கிப் போகத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். கடுஞ்சோடாவை அளவின்றி இட்டு வேகவைத்தாலும் இதே பிசிர்முனை வரும். சிறு கூடத்துக்குச் சலவைச் சோடாவே போதும்.

தும்பில் பிசிர்முனை வந்தால் ஊறாத காய்ந்த கதம்பையை அடித்திருக்கிறீர்கள், அல்லது கருக்குக் கதம்பை கலந்திருக்கிறது. ராட்டில் திரிக்கும்போது மட்டும் இழை அறுகிறது, நாரில் குறை தெரியவில்லை என்றால், தும்பு மிக உலர்ந்துவிட்டது என்று பொருள். முதல் நாள் மாலையில் இலேசாகத் தண்ணீர் தெளித்து மூடிவைத்து மறுநாள் திரித்தால் சரியாகும்.

எதிர்பார்த்த எடை வரவில்லை

இங்கே பெரும்பாலும் எதிர்பார்ப்பில்தான் பிழை. 1000 கதம்பையிலிருந்து சுமார் 80 கிலோ தும்பு வருவது பொதுவான கணக்கு; காயின் ரகத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப இது கூடிக்குறையும். எடையில் பார்த்தால் தும்பு ஒரு பங்கு, தூள் இரண்டு பங்கு. வாழைத்தடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். உலர்ந்த நார் தடையின் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஒரு டன் தடையை வண்டி வாடகை கொடுத்துக் கொண்டுவந்து பத்து கிலோ நாரோடு நிற்பவர், இயந்திரத்தைத் தோட்டத்துக்கு எடுத்துச் செல்வதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். நடுவிலுள்ள மென்தண்டில் எடுக்கத்தக்க நார் இல்லை. அதைச் சமையலுக்கு விற்றுவிடுவது லாபம். குலைத்தண்டு நார் அந்தத் தண்டின் நீளத்தைத் தாண்டாது என்பதால் நெசவுக்குப் போதாமல் போகலாம்; கயிறு, மிதியடி, கைக்காகிதம் என்று முதலிலேயே திட்டமிடுங்கள்.

தொலியைப் பற்றி ஒரு சொல். ஏத்தங்காய்த் தொலியில் கயிற்றுக்கு உரிய நார் கிடையாது. பச்சைத் தொலியைப் பயறோடு துவரன் வைக்கும் வழக்கம் இங்கு உண்டு. மிஞ்சுவது ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. உணவு நார்ச்சத்து மாவாக்க விரும்புகிறவர்கள் மாவு கறுக்கிறது என்றால், தொலியைச் சீவிய உடனே கொதிநீரில் சற்றே முக்கி எடுத்து நொதியை அடக்கிய பிறகு உலர்த்த வேண்டும். மஞ்சள்நீரும் எண்ணெயும் படாத தொலியை மட்டுமே இதற்கு எடுக்கலாம்.

நாற்றம் தாங்கவில்லை

அழுகிய முட்டையின் நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கதம்பைக் குழியில் அது ஓரளவு இயல்பு. அழுகல் முற்ற முற்றக் குறைய வேண்டும். குறையாமல் கூடினால் குழி தேவைக்கு மேல் நிரம்பியிருக்கிறது, நீர் மாறவில்லை. ஒரு எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வாயு செறிவு கூடினால் மூக்கின் உணர்வை மழுக்கிவிடும். நாற்றம் திடீரென்று நின்றதுபோலத் தோன்றுவதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது. ஆழமான, மூடிய குழிக்குள் யாரும் தனியாக இறங்கக்கூடாது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் கயிறு இல்லாமல் குதிப்பதும் கூடாது.

வாழைக் குவியலில் புளித்த நாற்றம் வந்தால் சரக்கு நொதிக்கத் தொடங்கிவிட்டது; உடனே ஓட்டுங்கள், அல்லது உரக்குழிக்கு அனுப்புங்கள். குழிநீரைக் குளத்திலோ ஏ.வி.எம். கால்வாய் போன்ற நீர்வழியிலோ நேராக விடாதீர்கள். அந்த நீரில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிசனைத் தீர்த்துவிடுவதால் மீன் செத்து மிதக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற்று, தேக்கி, காற்றூட்டி, பிறகே வெளியேற்ற வேண்டும்.

காய்ந்த நாரில் பூஞ்சை வருகிறது

இம்மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கின்றன. சூன் முதல் டிசம்பர் வரை நம்பத்தக்க உலர்வெயில் தொடர்ந்து கிடைப்பது அரிது. ஆகவே சனவரி முதல் மே வரையிலான மாதங்களில் கற்ற பழக்கத்தை மற்ற மாதங்களில் அப்படியே பின்பற்றினால் பூஞ்சை வந்தே தீரும். மேலே தொட்டால் உலர்ந்திருக்கும் நார், கட்டின் நடுவில் ஈரமாக இருக்கும். 100 கிராம் நாரைக் கட்டின் நடுவிலிருந்து எடுத்து, எடை மாறாத வரை 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி மறுபடி நிறுத்துப் பாருங்கள். இழப்பு 15 கிராமுக்கு மேல் இருந்தால் அந்தச் சரக்கைக் கட்டக்கூடாது.

வெறுந்தரையில் பரப்புவதைவிடக் கொடியில் தொங்கவிடுவது நல்லது. வாழைநாரை நிழலிலும் காற்றோட்டத்திலும் உலர்த்துங்கள். கடலோர மணலில் பரப்புவது இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் இல்மனைட் உண்டு. அது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த, கனமான தாது. நாரோடு ஒட்டிய மணல் எடையைக் கூட்டுகிறது என்று மகிழ்வதற்கில்லை: வாங்குகிறவர் உதறிப் பார்ப்பார், அடுத்த இயந்திரத்தின் கத்தியும் தேயும்.

தூளில் நட்ட நாற்று வாடுகிறது

தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூளை நாற்றங்காலுக்கு விற்கிறவர்களிடம் இரண்டு புகார்கள் வரும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடாது. இலையின் ஓரம் மட்டும் தீய்ந்திருந்தால் உப்பு. கடலோரக் கதம்பையிலும் உப்புநீரில் அழுகிய கதம்பையிலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மிகுதியாகத் தங்கிவிடும். ஒரு பங்கு தூளுக்கு ஐந்து பங்கு காய்ச்சி வடித்த நீர் என்ற கன அளவில் கலக்கி, வடிகட்டி, மின்கடத்துத்திறன் அளக்கும் கருவியை நீரில் வையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்சுக்குக் கீழ் இருந்தால் நாற்றுக்கு ஏற்றதென வாங்குவார்கள்; 1-க்கு மேல் போனால் நன்னீரில் மறுபடி கழுவியாக வேண்டும். கழுவியும் இறங்காத சோடியத்தைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து இடம்பெயர்க்கலாம். உலர்த்தலைக் கெடுக்கிற அதே மழை இங்கே உதவுகிறது: திறந்தவெளியில் பரப்பிய தூளின் உப்பை மழைநீர் இலவசமாகவே கழுவிவிடும், வடிநீர் கிணற்றுப் பக்கம் போகாதபடி மட்டும் வாய்க்கால் வெட்டுங்கள்.

இலை முழுதும் வெளிறி மஞ்சளானால் காரணம் உப்பு அன்று. பச்சைத் தூளில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1 என்ற அளவையும் தாண்டும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொள்வதால் செடி பட்டினி கிடக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் எடுத்துக்கொண்டு, தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, ஓர் அடுக்கில் வித்தும் அடுத்ததில் யூரியாவுமாக மாற்றி மாற்றி இட்டு, ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுமார் ஒரு மாதத்தில் தூள் கறுத்து மக்கும். நிறம் மாறாமல் அப்படியே நின்றால் வித்து பழையது, அல்லது அடுக்கு உலர்ந்துவிட்டது.

சாயம் திட்டுத்திட்டாக ஏறுகிறது

பொரித்த எண்ணெய் பட்டிருக்கிறது. தண்ணீர்த் துளி நாரின் மேல் உருண்டு நின்றால் அதுவே சான்று. வெந்நீரில் சலவைச் சோடாவும் சோப்பும் இட்டு அலசியபின் மறுபடி துளி விட்டுப் பாருங்கள்.

இயந்திரம் தடதடக்கிறது, பொறி பறக்கிறது

கதம்பையோடு சிரட்டைத் துண்டு வந்திருக்கும். ஆணியும் கல்லும் வருவதும் உண்டு. ஊட்டுவதற்கு முன் சாய்வான சல்லடைத் தட்டில் கொட்டிக் கையால் பார்ப்பதற்கு ஒருவரை நிறுத்துவது, கத்தி மாற்றும் செலவைவிடக் குறைவு. பொறி பறப்பதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். உலர்ந்த தும்பின் மெல்லிய தூசு மோட்டாரின் காற்றுத் துளைகளில் அடைந்து சூடேறினால் பொறியில்லாமலே கருகத் தொடங்கும். வேலை முடிந்ததும் மோட்டாரை ஊதிச் சுத்தம் செய்து, அன்றைய கட்டுகளைக் கூடத்துக்கு வெளியே, ஒன்றுக்கொன்று இடம் விட்டு அடுக்குங்கள். எந்தக் கட்டிலிருந்தாவது புகை மணம் வந்தால் அதை உள்ளே வைத்து அவிழ்க்கக்கூடாது; திறந்த வெளிக்கு இழுத்துச் சென்று, தண்ணீரைக் கையருகே வைத்துக்கொண்டு அவிழ்க்க வேண்டும். உள்ளே கனன்றுகொண்டிருப்பது காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும்.